பதினான்காம் கட்டம்

படிவங்களைக் கறுப்பு மையில்தான் நிரப்ப வேண்டும் என்று பொதுவாக ஒரு விதி உண்டு. நீங்கள் கொடுத்த பேனா நீலம். பரவாயில்லையா என்று கேட்டேன், பரவாயில்லை என்றீர்கள். 'விளக்கம்' என்ற இடத்தில் ஐந்து வரிதான் விட்டிருக்கிறார்கள். அது போதாது என்பதால் தனித்தாள்களில் எழுதுகிறேன்.

என் பெயர் எர்கின். வயது இருபத்தொன்பது. பிஷ்கெக்கிலேயே பொறியியல் படித்தேன். ஆறு ஆண்டுகளாக ஒரு சிறிய கம்பெனியில் வேலை. கிளினிக்குகளுக்கு இணையச் செயலி செய்து தருகிறோம். டாக்டர் திரையில் நோயாளியின் விவரங்களைப் போடுவார். எங்கள் செயலி அவற்றை எடுத்து, மேலிடத்திலிருந்து வந்த பிடிஎஃப் படிவத்தின் கட்டங்களில் நிரப்பிக் கொடுக்கும். அதை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நோயாளியிடம் கொடுப்பார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு இதய அறுவை மருத்துவமனையின் பதிவு ஜன்னலுக்குப் போவார். ஏதாவது ஒரு கட்டம் சரியாக நிரம்பவில்லை என்றால் கிளினிக்கிலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். நான் என்னவென்று பார்ப்பேன்.

பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். நம் கிர்கிஸ் மொழிக்கே உரிய மூன்று எழுத்துகள் சில எழுத்துருக்களில் கிடையாது. அந்த எழுத்து வரும் பெயரில் அந்த இடம் ஓட்டையாக வரும். நீளமான தந்தை பெயர் பாதியில் நின்றுவிடும். இன்னொன்று உண்டு. கட்டத்துக்குள் மதிப்பு போயிருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சுட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் தெரியும். இதற்காகவே மாதம் பத்துப் பேராவது கூப்பிடுவார்கள். கூப்பிடும் அக்காமார்களை எஜே என்று அழைத்து ஒரே பதிலைத்தான் சொல்வேன். பக்கத்து மேசையில் இருக்கும் மக்சத் என் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டுவான்.

"எஜே, பதறாதீங்க. உள்ளே இருக்கு, வெளியே தெரியல. அவ்வளவுதான்."

அலுவலகமே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

என் மனைவி மேரிம் தொடக்கப்பள்ளி ஆசிரியை. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருந்தது. போன அக்டோபரில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நவம்பர் ஆறாம் தேதி கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு, பத்து நாளுக்குள் அறுவை செய்ய வேண்டும், அவசர வரிசையில் போடுகிறேன் என்றார். திரையில் 'அவசரம்' என்ற இடத்தில் அவர் டிக் போட்டதை நான் பார்த்தேன். அச்சாகி வந்த தாளில் அது பதினான்காம் கட்டம். அது காலியாக இருந்தது.

முதலில் கவனித்தது மேரிம்தான். வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"ஒரு நாளைக்கு முந்நூறு டிக் போடுறவ நான். இந்த ஒண்ணையும் போட்டுடுறேனே."

"வேண்டாம். மெஷின் நிரப்பின ஃபார்ம்ல பேனா பட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. உள்ளே இருக்கு, வெளியே தெரியல. அவ்வளவுதான்."

"உள்ளே இருந்தா ஜன்னல்ல இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? ஜோசியமா பார்ப்பாங்க?"

"ஃபைலும் நெட்டுல போகுதுல்ல. அதைத் திறந்து பார்ப்பாங்க."

"நீ பார்த்திருக்கியா?"

"அப்படித்தான் செய்வாங்க."

"சரிங்க, இன்ஜினியர் பைக்கே" என்று சொல்லிப் பேனாவை மூடினாள். மூத்த ஆண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது; என்னைக் கேலி செய்யும்போது மட்டும்தான் பைக்கே என்பாள்.

ஜன்னலில் அவளுக்கு ஜனவரி பதினொன்று என்று தேதி கொடுத்தார்கள். அவசர வரிசையே அவ்வளவு நீளம் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்டுப் பார்க்கிறாயா என்றாள். கேட்கிறேன் என்றேன். அந்த மாதம் புதுப் படிவம் வந்திருந்தது, வேலை அதிகம், கேட்கவில்லை. டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, விடுப்பில் இருந்தவள், பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று பள்ளிக்கூடம் போனாள். இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்தாள். அப்புறம் எழவில்லை.

நாற்பதாம் நாள் காரியம் ஜனவரி கடைசியில் நடந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு மேரிமின் அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கையெல்லாம் மாவு. அழுது முடித்திருந்தார்.

"டாக்டர் பத்து நாள்னுதானே சொன்னார், எர்கின்? அப்புறம் ஏன் ரெண்டு மாசம் தள்ளிப் போட்டாங்க? நீ அந்தத் துறையிலதானே இருக்கே? உனக்குத் தெரியாதா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இதுவரை நடந்ததில் குற்றம் எதுவும் இல்லை என்று நேற்று விசாரணையில் நீங்களே சொன்னீர்கள். அதைக் குறித்துக்கொண்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

பிப்ரவரி முதல் வாரத்தில், குறைகளைக் கண்டுபிடிக்க ஒரு கருவி எழுதினேன். படிவத்தை அதில் போட்டால் ஒவ்வொரு கட்டத்தின் மீதும் அதன் உள்பெயரைச் சிவப்பில் எழுதிக் காட்டும். கட்டம் என்ன எதிர்பார்க்கிறது, நாம் என்ன அனுப்புகிறோம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். ஒவ்வொரு எழுத்தையும் பிரித்து அதன் எண்ணைச் சொல்லும். மக்சத் அதற்கு 'எக்ஸ்ரே' என்று பெயர் வைத்தான். நல்ல கருவி. இப்போதும் பயன்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன்.

டிக் போடும் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லை அனுப்பினால்தான் டிக் விழும். படிவம் செய்தவர் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் வைக்கலாம். பதினான்காம் கட்டத்துக்கு அவர் 'ஓபா' என்று வைத்திருந்தார். ஆம் என்று பொருள், நம் லிபியில் நாலு எழுத்து, உங்களுக்குத் தெரியும். எங்கள் செயலியும் 'ஓபா' என்றுதான் அனுப்பியது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. எக்ஸ்ரேயில் போட்டேன். நாங்கள் அனுப்பியது 1086, 1086, 1073, 1072. கட்டம் எதிர்பார்த்தது 111, 111, 1073, 1072.

எப்படி நடந்திருக்கும் என்று உடனே புரிந்தது. உங்களுக்கும் நடந்திருக்கும். நம் விசைப்பலகையில் இரண்டு மொழி; ஒலிப்படி அடிக்கும் அமைப்பில் இரண்டு மொழியின் வட்டத்துக்கும் ஒரே விசை. படிவம் செய்தவர் விசையை மாற்ற மறந்து ஆங்கிலத்திலேயே ஆரம்பித்திருக்கிறார். முதல் இரண்டு எழுத்தும் வட்டம். ஆங்கில வட்டமும் நம் வட்டமும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு எண். மூன்றாவது எழுத்து ஆங்கிலத்தில் வந்ததும்தான் அடடா என்று அதை அழித்து, மொழியை மாற்றி, மீதி இரண்டு எழுத்தை அடித்திருக்கிறார். வட்டங்கள் சரியாகத்தானே தெரிகின்றன, அவற்றை எதற்குத் தொட வேண்டும் என்று விட்டுவிட்டார். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

ஆகவே மேரிமின் டிக் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. செயலியின் குறிப்பில் மட்டும் 'அறுபத்தொன்றில் அறுபத்தொன்று நிரப்பப்பட்டது' என்று இருந்தது. அனுப்பியதை அது எண்ணும். விழுந்ததை எண்ணாது. அந்தப் பகுதியை எழுதியது நான்.

திருத்தம் ஒரு வரி. அப்போதே எழுதிச் சோதித்தேன். டிக் விழுந்தது. மதியம் மூன்று மணி இருக்கும். மக்சத் டீ வைக்கப் போயிருந்தான்.

அந்த வரியை அன்றே எல்லாப் படிவங்களுக்கும் போட்டிருக்கலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் என் கேள்வி அதோடு தீர்ந்துவிடாது. மேரிம் இறந்த மறுவாரம் கிளினிக் டாக்டர் என் தோளில் கைவைத்து, அந்த வால்வு இருந்த நிலைக்கு அறுவை மேசையிலேயேகூட ஏதாவது ஆகியிருக்கலாம், மனதைத் தேற்றிக்கொள் என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அது ஒரு தகவல். டிக் விழுந்திருந்தாலும் அவள் இறந்திருக்கலாம். அப்படியானால் பதினான்காம் கட்டம் காரணம் ஆகாது. நான் பேனாவை மூடச் சொன்னதும் காரணம் ஆகாது. இதில் எது உண்மை என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவள் அம்மாவிடம் பார்த்துச் சொல்கிறேன் என்று வேறு சொல்லியிருந்தேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தால், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று உடனே முடிவு கட்டக் கூடாது. ஒரே ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்ற எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். மாற்றியதையும் மாற்றாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அதனால் திருத்தத்தை ஒற்றைப்படைப் பதிவெண்களுக்கு மட்டும் போட்டேன். இரட்டைப்படைக்குப் பழையபடியே விட்டேன். மேரிமின் எண் 2318.

நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எண்ணைக் கொடுப்பது செயலி, வருகிற வரிசைப்படி. பணக்காரர், ஏழை, நாரின் மலைப்பக்கத்திலிருந்து வந்தவர், நகரத்துக்காரர் என்று எந்த வேறுபாடும் இல்லை. என் அட்டவணையில் பெயருக்கு இடமே வைக்கவில்லை. பதிவெண், டிக் விழுந்ததா, கோப்பு எப்படி முடிந்தது. மூன்றே பத்தி. கோப்பு இரண்டு விதமாக முடியும்: 'அறுவை முடிந்து வீடு திரும்பினார்' அல்லது 'இறப்பு'. டாக்டர் அவசரம் என்று குறித்தவர்களை மட்டும் சேர்த்தேன். பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி தொடங்கினேன்.

கிளினிக்குகளிலிருந்து அவ்வப்போது கூப்பிட்டார்கள்.

"பைக்கே, டோக்மோக்கிலிருந்து அந்த டாக்டரம்மா" என்றான் மக்சத், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு. "ஒரு ஆளுக்கு டிக் வருதாம், அடுத்த ஆளுக்கு வரலையாம். இது என்ன ஃபார்மா லாட்டரியான்னு கேக்குறாங்க."

"எழுத்துருப் பிரச்சினைன்னு சொல்லு."

"டிக்குக்கு ஏது எழுத்துரு?"

"உள்ளே இருக்கு, வெளியே தெரியலன்னு சொல்லு."

அவன் அப்படியே சொன்னான். அவனுக்கு எதுவும் தெரியாது. அவனை விட்டுவிடுங்கள்.

ஏப்ரலில் புருல் எஜேயின் விஷயம் வந்தது. அவர் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே, பஸ் நிறுத்தத்தை ஒட்டி, இறைச்சி வைத்த சம்சா சுட்டு விற்கிறார். அடுப்பிலிருந்து எடுப்பது அவர் கணவர் கெங்கெஷ். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மத்தியானம் அங்கேதான் சாப்பாடு. மேரிம் போன பிறகு இரவுக்கும் இரண்டு கட்டிக் கொடுப்பார்கள். ஒருநாள் அடுப்பு மூடிக்கிடந்தது. மறுநாள் புருல் எஜே படியேறி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே படிவம்.

"தம்பி, இந்தக் காகிதமெல்லாம் நீங்கதானே செய்யறீங்க? எங்க வீட்டுக்காரருக்கு. நெஞ்சு பலூன் மாதிரி வீங்கியிருக்காம். டாக்டர் அவசரம் அவசரம்னு சொல்றார். இங்க பாரு, அவசரம்னு போட்ட இடத்துல ஒண்ணுமே இல்ல. எனக்குக் கண்ணு தெரியலையா, இல்ல உங்க மெஷினுக்குக் கண்ணு தெரியலையா?"

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். பதிவெண் 3764. இரட்டைப்படை.

பக்கத்தில் மக்சத் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். "எஜே, உட்காருங்க. கெங்கெஷ் பைக்கேவுக்கா இப்படி? போன வாரம்கூட என்னைத் திட்டினாரே, கடன்ல தின்னுட்டுக் கல்யாணம் வேற கேக்குதான்னு."

"அந்த வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகல" என்றார் புருல் எஜே. சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "தம்பி, பேனாவால ஒரு டிக் போட்டுக்கவா? நசிரா போட்டுடலாம்னு சொல்றா. நான்தான், எர்கின் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்."

நசிரா அவர்களுடைய மகள்.

மாற்றாத வரிசையில் ஒருவரை மட்டும் கைப்பட மாற்றினால், அவருக்கு முன்னால் காத்திருந்தவர்களுக்கு நான் என்ன நியாயம் சொல்வேன். தெரிந்தவர் என்பதால் சலுகையா. அந்த நேரத்தில் அப்படித்தான் யோசித்தேன். அதில் தவறு இருந்ததாக அப்போது படவில்லை.

"வேண்டாம் எஜே" என்றேன். "மெஷின் நிரப்பின ஃபார்ம்ல பேனா பட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. உள்ளே இருக்கு, வெளியே தெரியல."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"நீ சொன்னா சரி" என்று உறையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. மக்சத் என்னைப் பார்த்து, "பைக்கே, அந்த அம்மாவுக்கு மட்டும் ஒரு தடவை எக்ஸ்ரே போட்டுப் பாருங்களேன்" என்றான். பார்த்தாயிற்று என்றேன். அது உண்மை.

மூன்று வாரம் அடுப்பு மூடியே இருந்தது. நான் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு கடையில் சாப்பிட்டேன். மே ஐந்தாம் தேதி காலையில் புகை வந்தது. மத்தியானம் புருல் எஜே ஒரு தட்டு நிறையச் சம்சாவோடு மேலே வந்தார். சூடு தாங்காமல் சமையல் துண்டால் பிடித்திருந்தார்.

"எல்லாரும் எடுத்துக்கங்க. எங்க வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்துட்டார். ஒன்பதாம் நாளே அறுத்துட்டாங்க. இப்ப நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு, மாவு சரியில்ல, வெங்காயம் சரியில்லன்னு உசிரை வாங்குறார்."

மக்சத் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டான். நான், ஒன்பதாம் நாளா என்று கேட்டேன்.

"ஆமா தம்பி. நீ சொன்ன மாதிரிதான் ஒண்ணும் எழுதாம கொண்டு போனேன். ஜன்னல்ல ஒரு ரஷ்யக்காரம்மா. இது காலியா இருக்கேன்னு நசிரா கேட்டுட்டா, வாய் சும்மா இருக்காதே அவளுக்கு. அந்தம்மா டாக்டருக்கு ஃபோன் போட்டாங்க, ஆமாவான்னு கேட்டாங்க, அவங்க பேனாவாலேயே ஒரு டிக் போட்டாங்க, பக்கத்துல முத்திரை குத்தினாங்க. முடிஞ்சு போச்சு."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாலு நிமிஷம் இருக்கும். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சம்சா நன்றாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன். பிறகு என் மேசைக்குப் போய் 3764-ஆம் எண்ணின் வரியை அட்டவணையிலிருந்து நீக்கினேன். மாற்றாத வரிசையில் இருந்த ஒருவருக்கு வெளியிலிருந்து டிக் விழுந்துவிட்டது. அவரை அந்த வரிசையிலும் வைக்க முடியாது, இந்த வரிசையிலும் வைக்க முடியாது.

நேற்று நான் இதைச் சொன்னபோது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள், அப்போதாவது உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று. தோன்றியது. ஜன்னலில் கேட்டாலே போதும் என்பது தோன்றியது. பேனா பட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்கு யார் சொன்னது என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நான் அந்த ஜன்னலுக்குப் போனதே இல்லை. இதெல்லாம் தோன்றியது. ஆனால் கேட்டால் நாலு நிமிஷத்தில் முடியும் என்பது வேறு விஷயம். டிக் விழுந்தவர்கள் பிழைக்கிறார்களா என்பது வேறு விஷயம். முதலாவது உண்மையாக இருந்து இரண்டாவது பொய்யாக இருக்கலாம். இரண்டாவது பொய் என்றால் முதலாவதைச் செய்யாததால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. ஆகவே இரண்டாவது இன்னும் அவசியமாகிவிட்டது.

மற்றவர்களும் நசிராவைப் போல ஜன்னலில் கேட்க ஆரம்பித்தால் மாற்றாத வரிசை கலைந்துவிடும். மறுநாள், மே ஆறாம் தேதி, எல்லாக் கிளினிக்குகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். உங்கள் கோப்பில் அது இரண்டாம் இணைப்பு. வாசகம் என்னுடையது. 'படிவத்தில் ஏதேனும் கட்டம் காலியாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். மதிப்பு உள்ளே உள்ளது. பேனாவால் நிரப்பவோ பதிவு ஜன்னலில் இதுகுறித்துக் கேட்கவோ வேண்டாம். பேனா பட்ட படிவங்கள் திருப்பி அனுப்பப்படும். நோயாளிகளுக்கு இதைத் தெரிவிக்கவும்.' மரியாதையான வாசகம்தான். கிளினிக்குகள் அச்சடித்துச் சுவரில் ஒட்டின.

அதன் பிறகு இரட்டைப்படையில் ஆறு பேர் வந்தார்கள். அவர்களில் யாரும் ஜன்னலில் கேட்கவில்லை. இரண்டு பேருடைய கோப்பு மே இருபதுக்குள் 'இறப்பு' என்று முடிந்தது.

மே இருபத்திரண்டு காலையில் தொலைபேசி வந்தது. மக்சத் எடுத்தான், இரண்டு நொடி கேட்டான், என்னிடம் நீட்டினான்.

"கிளினிக் சுவர்ல ஒட்டின இந்தக் காகிதத்தை எழுதினது யாரு?" வயதான ரஷ்யப் பெண்ணின் குரல். "என் பேர் வலந்தீனா பெட்ரோவ்னா. இருபத்தேழு வருஷமா ஆஸ்பத்திரிப் பதிவு ஜன்னல்ல உட்கார்ந்திருக்கேன். இன்னைக்கு ஒரு பொண்ணு அழுதுகிட்டே கேக்குது, அம்மா, காலியா இருக்குன்னு உங்ககிட்டக் கேட்டா திருப்பி அனுப்பிடுவீங்களாமே, அதான் எங்க அப்பா கேக்கவே இல்ல, அதான் செத்துட்டார்னு. நான் யாரைத் திருப்பி அனுப்பினேன்? சொல்லுங்க. எந்த வருஷம், எந்த மாசம்?"

"நீங்க ஃபைலைத் திறந்து பார்ப்பீங்கன்னு நினைச்சோம்" என்றேன்.

"எந்த ஃபைல்? என் மேசையில கம்ப்யூட்டரே கிடையாதுப்பா. ஒரு ஃபோன், ஒரு முத்திரை, ஒரு கள்ளிச்செடி. காலியா இருந்தா சாதாரண வரிசை. வாயைத் திறந்து கேட்டா டாக்டருக்கு ஃபோன். இதுதான் என் ஃபைல். நீங்க எப்பவாவது இங்க வந்து பார்த்திருக்கீங்களா?"

இல்லை என்றேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

நான் ரிசீவரை வைத்துத் திரும்பியபோது மக்சத் என் கணினிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். பதினான்காம் கட்டத்துக்கான வரிகள் திரையில் இருந்தன. நான் எதையும் மறைத்து வைத்ததில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தேன்.

"பைக்கே, ஒத்தைப்படைன்னா சரியான சொல்லு. ரெட்டைப்படைன்னா தப்பான சொல்லு. இது எப்படித் தப்பாப் போச்சு?"

"தப்பாப் போகல. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"எதுக்கு?"

"ஒப்பிட்டுப் பார்க்க."

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இருபத்து மூன்று வயது. எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பவன். "புருல் எஜே இங்க வந்து நின்னாங்களே, பைக்கே" என்றான். "நான்தானே நாற்காலி போட்டேன்." பிறகு குனிந்து, நிபந்தனையை அழித்துவிட்டு, சரியான சொல்லை எல்லாருக்கும் போட்டான். இரண்டு முறை தவறாக அடித்தான். ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் ஆனது. நான் தடுக்கவில்லை. அட்டவணையை மட்டும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவன் என் மடிக்கணினியை மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். உங்களைக் கூப்பிட்டது அவன்தான் என்று பிறகு தெரிந்தது. சரியாகவே செய்திருக்கிறான்.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். சொல்லை அறிந்தே தவறாக அனுப்பியது நான். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சுற்றறிக்கையை எழுதியதும் நான். கெங்கெஷ் பைக்கேவின் படிவத்தை எண் தெரிந்தும் ஆள் தெரிந்தும் அப்படியே அனுப்பி வைத்ததும் நான். இவற்றை மறுக்கப் போவதில்லை.

கடைசியாக நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். அப்படி என்னதான் கண்டுபிடித்தாய் என்றீர்கள். அட்டவணை உங்களிடம்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். டிக் விழுந்தவர்கள் இருபத்தைந்து பேர், அவர்களில் இறந்தவர்கள் இரண்டு. டிக் விழாதவர்கள், ஒருவரை நீக்கியது போக, இருபத்தொரு பேர். அவர்களில் இறந்தவர்கள் ஏழு.

நீங்கள் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தெளிவாகத்தானே இருக்கிறது என்றீர்கள். கல்லூரியில் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படிச் சொல்லிவிட முடியாது. நாற்பத்தாறு பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இப்படி ஒரு வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். செப்டம்பர் வரை விட்டிருந்தால் நூறு பேராவது கிடைத்திருப்பார்கள். இப்போது இருப்பதை வைத்துக்கொண்டு, மேரிம் எதனால் இறந்தாள் என்று என்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.